அம்மாவுக்கு மூன்று ஓலை

ஆகஸ்டு 3, ஞாயிறு

மதியத்திலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. மாலை தமிழ்ப் பூசைக்குக் குடையோடு போனோம்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் அறிவிப்புகள். ஃபாதர் வழக்கம்போல் கண்ணாடியைத் தேடினார். கார் நிறுத்துமிடம். மறைக்கல்வி. சமையல்கூடத்தில் யாரோ விட்டுப்போன பெரிய சட்டி. பிறகு திருமண ஓலை. மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிப்பார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்று. நான் அரைக் காதோடு கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"மணமகன், சித்தியவான் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற அந்தோணி, லூர்து ஆகியோரின் மகன் சவரிமுத்து, மனைவியை இழந்தவர். மணமகள், நமது பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற சின்னப்பன், மதலேன் ஆகியோரின் மகள் ஆரோக்கியமேரி, கணவரை இழந்தவர். முதல் ஓலை."

சின்னப்பன் என் தாத்தா. மதலேன் என் பாட்டி. ஆரோக்கியமேரி, வயது அறுபத்தொன்பது, அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் இருப்பவள், என் அம்மா.

அம்மா முன்வரிசையில் மரியாயின் சேனைப் பெண்களோடு. எனக்குத் தெரிந்தது பின்கழுத்தும் கொண்டையும் மட்டும். கழுத்து அசையவில்லை. கோயில் முழுவதும் திரும்பியது அவள் பக்கம் இல்லை, என் பக்கம். எனக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான். நான் சிரித்தேன். பல் தெரிய. ஏன் என்று தெரியவில்லை.

கோயில் வாசலில், அம்மாவோடு சேனையில் இருக்கும் ரீத்தா அக்கா பிடித்துக்கொண்டார். "நீ சரியான கல்லுளிமங்கி லா ஸ்டெல்லா! ஒரு வார்த்த மூச்சு விடலையே!"

"எனக்கே இப்பத்தான்க்கா..."

"போடி. சொந்த அம்மாவுக்கு ஓலை வாசிக்கிறாங்க, மகளுக்குத் தெரியாதாம். யார்கிட்ட கத விடுற?"

காரில் அம்மா முன் இருக்கையில். சிக்னலில், ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் பிரான்சிஸ் சிரித்துவிட்டார். மாமியார் கல்யாணத்துக்குச் சிரிக்கிற மருமகன் எனக்குத்தான் வாய்த்திருக்கிறார்.

"என்னா சிரிப்பு மாப்ள?"

"இல்லத்த. இந்த வயசுல எனக்கு ஒரு மாமனார் வராரேன்னு."

வீட்டில் ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். ஏம்மா என்கிட்ட சொல்லல?

"அதுக்குத்தான ஓலை வாசிக்கிறாங்க? எல்லாருக்கும் தெரியட்டும்னுதான?"

"நான் எல்லாரும் இல்லம்மா. உன் மக."

"உனக்கும் சேத்துதான் வாசிச்சாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா வாசிக்கவே விட்டிருக்க மாட்ட."

யார் அந்த ஆள்? மீன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். போன வருடம் அன்னம்மாள் திருநாளுக்குப் போன பஸ்ஸில் பக்கத்து இருக்கையாம். வாந்தி எடுத்தாராம். அம்மா கைப்பையிலிருந்து 'அசாம்போய்' எடுத்துக் கொடுத்தாளாம். ஒரு உப்புப் புளிப்பு உலர்பழம். அதில் ஆரம்பித்தது.

"அவ்ளோதானா?"

"பின்ன? உங்கப்பா என்கிட்ட அதுகூட வாங்கல. நேரா பொண்ணு பாக்க வந்துட்டாரு."


ஆகஸ்டு 4, திங்கள்

வெயில். மழையே பெய்யாத மாதிரி.

கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் மறுதேர்வு அட்டவணை வேலை. ஒரே அறைக்கு இரண்டு பாடம் போட்டுவிட்டேன். பக்கத்து மேசைப் பெண், இருபத்தாறு வயது, "பரவால்லக்கா, ஆன்டிங்களுக்கு இப்படி ஆகும்" என்றாள். அக்கா, ஆன்டி இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

என் நிலவரம்:
- கழுத்திலிருந்து தலைவரை திடீர் சூடு. கூட்டத்தில் நான் மட்டும் விசிறிக்கொண்டு.
- புதுக் கண்ணாடி. படி இறங்கும்போது படி மேலே வருகிறது.
- இடது முட்டி.
- வாயில் வர மறுக்கும் சொற்கள். இன்று 'ஒத்திவைப்பு'.

அம்மாவின் நிலவரம்: கல்யாணப் பெண்.

நாற்பத்தாறில் நான் கடையை அடைக்கத் தொடங்கியிருக்கிறேன். அறுபத்தொன்பதில் அவள் திறக்கிறாள்.

மதியம் தம்பி ஜோசப், தஞ்சோங் மாலிமிலிருந்து போன். பின்னால் கார் தொழிற்சாலைச் சத்தம். எப்படியோ செய்தி போய்விட்டது.

"என்னாக்கா இது! ஃபோர்மன் வந்து கை குடுக்கிறான். எதுக்குன்னு கேட்டா, உங்கம்மா 'காவின்', கல்யாணம் பண்றாங்களாமேங்கிறான். மானம் போச்சு."

"எனக்கும் நேத்துதான்டா தெரியும்."

"ஒரே வீட்டுல இருக்க. என்னா பாத்துக்கிட்டிருந்த?"

அது சுட்டது. ஏனென்றால் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் 'ஜெபக்கூட்டம்' என்று போவாள். பவுடர் கொஞ்சம் அதிகம்தான். நான் அதற்கு வெயிலைக் காரணம் வைத்திருந்தேன்.


ஆகஸ்டு 6, புதன்

அரை நாள் விடுப்பு. அம்மாவோடு சேலை வாங்க. நான் போகாவிட்டால் ரீத்தா அக்கா போவார், அது இன்னும் மோசம்.

கடைப்பெண் சாம்பல், வெளிர்பச்சை, இன்னொரு சாம்பல் என்று எடுத்துப் போட்டாள். "பாட்டிக்கு இந்தக் கலர் நல்லா இருக்கும்மா. கல்யாணம் பேரனுக்கா, பேத்திக்கா?"

"எனக்கு" என்றாள் அம்மா.

கடைப்பெண் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்ப... பொண்ணு எங்க?"

"இங்கதான் நிக்கிறேன். அந்த ரோஸ்ஸ எடு."

கடையே சிரித்தது. நானும், என்னை அறியாமல். ஒரு நிமிடம் எங்களுக்குள் எல்லாம் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் புகை. கிளம்புமுன் அம்மா பருப்பை அடுப்பில் ஏற்றியிருக்கிறாள். சட்டி கரிக்கட்டி. ஜன்னல் திரையின் ஓரம் சுருண்டு போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால். அம்மா சமையலறை வாசலில் நின்று, "யாரு அடுப்ப போட்டது?" என்றாள்.

கேட்ட விதம்தான். சமாளிப்பது போல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஜோசப்பிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அதான்க்கா! இதுதான் வழி. ஃபாதர்கிட்ட போய் சொல்லு, அம்மாவுக்கு புத்தி தடுமாறுதுன்னு. சுயநினைவு இல்லாதவங்களுக்கு தாலி கட்ட முடியாதுல்ல? அந்த மீன் லாரியும் தானா திரும்பிப் போயிடும்."

"ஒரு பருப்பு தீஞ்சதுக்கு புத்தி தடுமாறுதுன்னு சொல்லவா?"

"மூணாவது ஓலைக்கு முன்னாடி சொல்லணும். யோசி."

யோசிக்கிறேன். அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.


ஆகஸ்டு 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்த முறை யாரும் திரும்பவில்லை. ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் பழகவில்லை.

பூசைக்குப் பின் ஃபாதரைத் தனியாகப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "செவ்வாய் மாலை வாங்க. ஏதாச்சும் பிரச்சினையா?" இல்லை ஃபாதர், சும்மா. சும்மா பேச யார் நேரம் கேட்பார்கள்? அவருக்குப் புரிந்திருக்கும்.

வாங்க வேண்டியவை: வெங்காயம், பல்பு, பெரிய சட்டி, முட்டிக்குத் தைலம்.

எதற்காகத் தடுக்கப் பார்க்கிறேன்? மானம் என்பது ஜோசப்பின் காரணம். என்னுடையது? மாலை வீட்டுக்கு வந்தால் விளக்கு எரியும். காப்பி இருக்கும். மகன் ஜொகூருக்குப் படிக்கப் போனபின் இந்த வீட்டில் என்னை 'சாப்பிட்டியா' என்று கேட்கிற குரல் அது ஒன்றுதான். பிரான்சிஸ் நல்லவர், ஆனால் அவர் கேட்பது 'சாப்பாடு ரெடியா'.

அம்மா போனால் இந்த வீட்டில் அடுத்த கிழவி நான்தான்.

எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.


ஆகஸ்டு 12, செவ்வாய்

புகைமூட்டம். மலைகள் தெரியவில்லை.

ஃபாதரிடம் போகவில்லை.

கிளம்பும்போது அம்மா பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஃபாதர பாக்கப் போறியாமே. ரீத்தா சொன்னா. என்னா சொல்லப் போற?"

மறைக்க நினைத்தேன், முடியவில்லை. "உனக்கு ஞாபகம் தப்புதும்மா. அன்னிக்கு வீடே எரிஞ்சிருக்கும். அதத்தான் சொல்லப் போறேன்."

கத்துவாள் என்று தயாராக நின்றேன்.

"சரி, சொல்லு. அவருக்குத் தெரியும். நானே சொல்லிட்டேன்."

"என்னா சொன்ன?"

"ஆஸ்பத்திரில சொன்னத. எனக்கு மறதி நோயாம். ஆரம்பமாம். இனிமே கூடிக்கிட்டே போகுமாம். தலைய படம் எடுத்தாங்க, கடிகாரம் வரையச் சொன்னாங்க. வரைஞ்சேன். டாக்டர் பொண்ணு மூஞ்சி மாறிப் போச்சு."

சாவி கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. படியிலேயே உட்கார்ந்தேன். எப்பம்மா? தைப்பூச லீவுக்கு அப்புறம். யாரு கூட்டிட்டுப் போனது? அவருதான். என்னைக் கேட்டிருக்கலாமே? நீ பரீட்சை பரீட்சைன்னு ஓடிக்கிட்டிருந்த.

அம்மா வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அவரு வீட்டுக்காரி ரோசலினுக்கும் இதே சீக்கு. ஆறு வருசம் பாத்தாரு. குளிப்பாட்டி, ஊட்டி விட்டு. கடைசில அந்தம்மா அவர திருடன்னு சொல்லி அடிச்சிருக்கு. பஸ்ல அந்தக் கதையெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. அழல. இவரு கூடதான் இருக்கணும்னு நான் அப்பவே நெனச்சேன். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு, என் தலையப் பத்தி."

"அப்ப நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறியாம்மா? நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ பாப்ப. நல்லாவும் பாப்ப. அப்புறம் ஒரு நாளைக்கு உனக்கு சலிச்சுப் போவும். சொல்ல மாட்ட, மூஞ்சில தெரியும். எனக்கு எல்லாம் மறந்தாலும் உன் மூஞ்சி படிக்கத் தெரியும். அந்த மூஞ்சிய பாத்துட்டு நான் சாக மாட்டேன்."

கோபம். அழுகை. இரண்டும் ஒன்றாக வர, கேட்டேன்.

"அவரு சலிச்சுக்க மாட்டாரா?"

"சலிச்சா சலிக்கட்டும். அவரு என்னா, என் வயித்துல பொறந்தவரா?" பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "அதுக்கு மட்டும் இல்லடி. எனக்கு அவர புடிக்கும். புடிக்கும்னு தெரியறப்பவே கட்டிக்கணும்."

ஃபாதருக்கு வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினேன். என்ன காரணம் சொன்னேன் என்பது நினைவில்லை. நினைவில்லை என்று எழுதும்போதே பயம். எனக்கும் வருமா?


ஆகஸ்டு 16, சனி

சித்தியவானுக்கு. பிரான்சிஸ் ஓட்டினார். வழியெல்லாம் செம்பனை. ஒரு திருப்பத்தில் அம்மா கண்ணாடியில் தட்டினாள். "இதான் நம்ம தோட்டம். இங்கதான் நான் பால் வெட்டின முப்பதாம் நம்பர் நெர."

நம்முடைய தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். பிரான்சிஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ஆமாம்மா என்றேன். முதல் முறையாக அம்மாவிடம் ஆமாம் சொல்வதற்கு இவ்வளவு பலம் தேவைப்பட்டது.

சவரிமுத்து. எதிர்பார்த்ததைவிடக் குள்ளம். பெரிய கைகள். மீன் வாசம் எதுவும் இல்லை, நான் மோப்பம் பிடித்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். "வாம்மா, வா, வா மாப்ள, உக்காருங்க" என்று மூன்று நாற்காலியை ஒரே நேரத்தில் இழுத்தார். இறால் சம்பால் அவரே செய்தது. அம்மா உள்ளே போய் அவர் அலமாரியிலிருந்து நேராகத் தட்டு எடுத்து வந்தாள். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகத் தட்டைத் தேடுகிறவள்.

கை கழுவப் போனேன். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டை. பக்கத்தில் நின்று அவர் சொன்னார்: "ரோசலின் உள்ள பூட்டிக்கிட்டு திறக்கத் தெரியாம அழுதா. அன்னிக்கி புடுங்கினது. திரும்ப மாட்டல."

அம்மா பிரான்சிஸோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன். "அங்கிள், ஒரு தடவ பட்டது போதாதா? ஏன் திரும்பவும்?"

காதைச் சாய்த்தார். "இந்தப் பக்கம் சொல்லும்மா, அந்தக் காது போச்சு."

திரும்பச் சொன்னேன். இந்த முறை கேட்கவே அசிங்கமாக இருந்தது.

சமையலறைக்குத் திரும்பி, சம்பால் சட்டியைக் கரண்டியால் வழித்தார்.

"தனியா இருக்க புடிக்கலம்மா. வீட்டுல சத்தமே இல்ல. உங்கம்மா ஒரே கதைய பத்து தடவ சொல்றாங்க. எனக்கு சூசா இல்ல, கஷ்டமே இல்ல. முதல் அஞ்சு தடவ எனக்கு எப்படியும் சரியா காது கேக்காது லா."

சிரித்துவிட்டேன். அவரும்.

"பயம் இல்லையா?"

"இருக்கு. உனக்கு இல்லையா?"

திரும்பி வரும்போது அம்மா தூங்கிவிட்டாள். வாய் திறந்தபடி. ஜோசப் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை.

கல்யாணம் அடுத்த மாதம் முதல் சனி, மாலை. ரோஸ் சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். யாரும் என் சம்மதத்தைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.


ஆகஸ்டு 17, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

இன்று அம்மா முன்வரிசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரான்சிஸ் வெளியே கார் நிறுத்தும் வேலையில், அவர் முறை.

அறிவிப்புகள். அந்தச் சட்டியை இன்னும் யாரும் எடுத்துப் போகவில்லை. பிறகு ஓலை. சவரிமுத்து. ஆரோக்கியமேரி. நான் அவள் கையை லேசாகத் தட்டினேன், கிண்டலாக.

அம்மா என் காதருகே சாய்ந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்? தெரிஞ்சவங்களா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் கேலி செய்வாள். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பதுபோல மரியாதையான, அக்கறையான முகம்.

உடம்பு முழுக்கச் சூடு. இது அந்தச் சூடு இல்லை.

"உனக்குத்தாம்மா" என்றேன்.

"எனக்கா?" வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "மாப்பிள்ள யாரு?"

"சவரிமுத்து."

"நல்லவரா?"

மேலே ஃபாதர் வாசித்துக்கொண்டிருந்தார்: "இத்திருமணத்துக்குத் தடை எதுவும் அறிந்தவர்கள் உடனே பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

கடமைப்பட்டவர்கள். போன வாரம் ஒரு பருப்புச் சட்டியை வைத்துச் சொல்ல இருந்தேன். இன்று சொல்வதற்குப் போதுமான உண்மை என் தோளில் சாய்ந்து பதிலுக்குக் காத்திருந்தது.

"நல்லவர்மா."

"அப்ப சரி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வாழ்த்த வந்தவர்களிடமெல்லாம் அழகாக நன்றி சொன்னாள். ரீத்தா அக்கா, "என்னா பொண்ணு, மருதாணி எப்ப?" என்றதற்கு, "நீ வச்சு விடு, வரேன்" என்றாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஃபாதர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.


ஆகஸ்டு 18, திங்கள்

காலையில் அம்மா தெளிவு. "பிளவுஸ் எப்ப தருவான் தையக்காரன்? கை இறுக்கமா தச்சான்னா அவன் கைய ஒடிப்பேன்." நேற்று நடந்தது எதுவும் அவளிடம் இல்லை. என்னிடம் மட்டும்.

விடுப்பு எடுத்தேன். காரில் உட்கார்ந்து சவரிமுத்துவுக்குப் போன். நல்ல காதில் வைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தன்று பீடத்தின் முன் 'இவர் யார்' என்று கேட்டுவிட்டால்? சம்மதமா என்று ஃபாதர் கேட்கும்போது சுற்றிப் பார்த்தால்? இது சரிதானா அங்கிள்? நாம செய்யறது சரிதானா?

அழுதிருக்கிறேன் போல. அந்தப் பக்கம் சேவல் கூவியது.

"எத்தன மணி பூசைம்மா நேத்து?"

"ஆறு."

"சாயங்காலம்." மூச்சு விட்டார். "காலையில அவங்க எல்லாரையும் வச்சிருக்காங்க. பொழுது சாய சாய ஒவ்வொருத்தரா விட்டுடறாங்க. ரோசலினும் அப்படித்தான். நாமதான் தப்பு. சாயங்காலம் வச்சது தப்பு." பிறகு, "அடுத்த மாசம்வர இருக்க வேணாம்மா. இந்த வாரமே ஃபாதர கேளு. காலைப் பூசையில வச்சுக்குவோம். விருந்து கிருந்து எதுவும் வேணாம். அவங்க வாயால, தெரிஞ்சு சொல்லட்டும். சொல்லலன்னா நான் கட்டல. சத்தியமா."

ஃபாதரிடம் நேரில் போய் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஞாயிறு நடந்தது உட்பட. நெற்றியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நாளை காலை அம்மாவைத் தனியாக அழைத்து வரச் சொன்னார். அவளோடு பேசிப் பார்த்துத்தான் முடிவு.


ஆகஸ்டு 19, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு அம்மாவை ஃபாதரிடம் விட்டேன். வாகை மரத்தடியில் காத்திருந்தேன். மாணவர்கள் தேர்வு முடிவுக்கு நிற்பதை இத்தனை வருடம் உள்ளிருந்து பார்த்தவள் நான். வெளியே நிற்பது வேறு.

அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் ஃபாதரும்.

"இந்த அம்மா என்னையே கேள்வி கேக்குறாங்க" என்றார். "சனிக்கிழமை. ஆறரைப் பூசை."

"என்னம்மா கேட்ட?"

"நான் மறந்துட்டா கல்யாணம் செல்லாம போயிடுமான்னு கேட்டேன். போகாதாம். நல்லா கேட்டு வச்சுக்க. நான் நாளைக்கி இல்லன்னு சொன்னாலும் கல்யாணம் கல்யாணம்தான்."

ஜோசப்புக்குச் செய்தி: சனி காலை 6.30. வந்தால் வா. அம்மாவுக்கு என்ன நோய் என்பதையும் எழுதினேன். நீல அடையாளம் வந்தது. பதில் இல்லை.


ஆகஸ்டு 23, சனி

இருட்டு விலகவில்லை. மழை இல்லை. குளிர்ச்சி.

பிளவுஸ் கை இறுக்கம்தான். ஊசி குத்திச் சமாளித்தாயிற்று. பிரான்சிஸ் மல்லிகைக்குப் போய் ரோஜாவோடு வந்திருக்கிறார். சவரிமுத்து ஐந்து மணிக்கே கோயில் வாசலில் நிற்பதாக ரீத்தா அக்கா போன், கோட் போட்டிருக்கிறாராம். எங்கள் வீட்டு வாசலில் ஜோசப்பின் கார். எப்போது வந்தான் தெரியாது. இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டான்.

என் முட்டி வலிக்கிறது. இரண்டு நிமிடம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பின்னறையிலிருந்து குரல்.

"ஸ்டெல்லா! என்னாடி எழுதிக்கிட்டிருக்க? என் கல்யாணத்துக்கு நீ லேட்டா வராத."